ஆர்ம் லேப்டாப்பில் புது உபுண்டு: பூட் ஆகிவிட்டால் சோதனை முடிந்ததா?

கேள்வி இது: "ஸ்னாப்டிராகன் எக்ஸ் எலைட் சிப் உள்ள லேப்டாப் ஒன்று கைக்கு வந்திருக்கிறது. உபுண்டு 25.10ன் ஆர்ம் டெஸ்க்டாப் ஐஎஸ்ஓவைப் போட்டுச் சோதித்துப் பார்க்கலாம் என்றிருக்கிறேன். பத்து வருடமாக இன்டெல் மெஷினில் லினக்ஸ்தான் ஓட்டுகிறேன். அதே மாதிரி பென்டிரைவில் எழுதி பூட் செய்தால் போதுமா? எதையெல்லாம் பார்த்துச் சொன்னால் டெவலப்பர்களுக்கு உபயோகமாக இருக்கும்?"

போதாது. பென்டிரைவில் எழுதுவதும் பூட் செய்வதும் நீங்கள் பழகிய வேலைதான், ஆனால் ஆர்ம் லேப்டாப்பில் சோதனையின் பெரும்பகுதி அதற்கு முன்னாலும், எல்லாம் நன்றாக ஓடுகிறது என்று நினைத்து ஒரு வாரம் கழிந்த பின்னாலும்தான் இருக்கிறது. இன்டெல் மெஷினில் புது வெளியீடு வந்தால் என்ன பார்ப்போம்? டெஸ்க்டாப் சூழலான ஜினோம் 49 எப்படி இருக்கிறது, செட்டிங்ஸில் என்ன மாறியிருக்கிறது, பழைய எக்ஸ்டென்ஷன்கள் ஓடுகின்றனவா, அவ்வளவுதான். லினக்ஸின் மையமான கெர்னல் எழுந்து நிற்குமா என்று யாரும் கேட்பதில்லை. ஆர்மில் அதுதான் முதல் கேள்வி, அதுவும் மாடலுக்கு மாடல் தனித்தனியாகக் கேட்க வேண்டிய கேள்வி. ஒரே சிப்பாக இருக்கும், ஒரே ஆண்டில் வந்திருக்கும், ஆனாலும் ஒரு மாடலில் ஸ்பீக்கர் பாடும், இன்னொன்றில் மூச்சே விடாது. நீங்கள் சோதிக்கப்போவது உங்கள் மாடலை. உபுண்டு அதற்கு ஒரு சாக்கு என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

ஏன் இப்படி என்பதைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், பின்னால் வரும் பாதி விஷயங்கள் இதிலிருந்துதான் கிளைக்கின்றன. இன்டெல், ஏஎம்டி மெஷின்களில் டச்பேட் எங்கே மாட்டியிருக்கிறது, பேட்டரியை யாரிடம் கேட்க வேண்டும் என்பதையெல்லாம் ஏசிபிஐ என்ற அட்டவணையாக மெஷினின் ஃபர்ம்வேரே (ஹார்டுவேரை இயக்கும் அடிப்படை நிரல்) கெர்னலிடம் கொடுத்துவிடும். ஸ்னாப்டிராகன் லேப்டாப்பிலும் ஏசிபிஐ உண்டு, ஆனால் அது விண்டோஸை மனதில் வைத்து எழுதியது. எந்தப் பகுதிக்கு எப்போது மின்சாரம் கொடுப்பது, எப்போது நிறுத்துவது என்ற முக்கியமான சங்கதி அந்த அட்டவணையில் இல்லாமல் விண்டோஸ் டிரைவருக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது. லினக்ஸுக்கு அது எட்டாது. அதனால் டிவைஸ் ட்ரீ என்று ஒரு தனிக் கோப்பு வேண்டும். இந்த மாடலில் என்னென்ன சில்லுகள் இருக்கின்றன, எது எந்தக் கம்பியில் இணைந்திருக்கிறது, எதற்கு எவ்வளவு வோல்டேஜ் என்று யாரோ ஒருவர் பொறுமையாக உட்கார்ந்து எழுதிய வரைபடம் அது. பெரும்பாலும் அந்த மாடலைக் கையில் வைத்திருக்கும் ஒருவர் எழுதினால்தான் உண்டு. அவர் கேமராவைத் தொடவில்லை என்றால் உங்களுக்கும் கேமரா இல்லை.

2022ல் ஸ்னாப்டிராகன் சிப்போடு வந்த திங்க்பேட் எக்ஸ்13எஸ் இந்தப் பாதையில் பெரிய திருப்பம். ஆர்மில் லினக்ஸ் ஓட வேலை செய்யும் லினாரோவின் பொறியாளர்களும் மற்றவர்களும் பல கெர்னல் வெளியீடுகளாகக் கொஞ்சம் கொஞ்சமாக அதற்கான ஆதரவை மூலக் கெர்னலில் (எல்லோரும் எடுத்துக்கொள்ளும் பொதுக் கெர்னல்) சேர்த்தார்கள். 2024 ஜூனில் எக்ஸ் எலைட் லேப்டாப்கள் கடைக்கு வந்தபோது அந்த அனுபவம் கைகொடுத்தது. உபுண்டு 25.04ல், அதாவது 2025 ஏப்ரலில், ஆர்ம் 64க்கான பொதுவான டெஸ்க்டாப் ஐஎஸ்ஓ முதல் முறையாக அதிகாரப்பூர்வமாக வந்தது. அதே ஆண்டு அக்டோபர் 9ஆம் தேதி வந்த 25.10ல் கெர்னல் 6.17 இருக்கிறது, அதோடு ஸ்டபிள் என்றொரு சின்ன நிரலும் சேர்ந்திருக்கிறது (ஸ்டேபிள் என்று படித்துவிடாதீர்கள், வேறு சொல்). பல மாடல்களின் டிவைஸ் ட்ரீக்களைக் கெர்னல் இமேஜுக்குள்ளேயே பொதிந்து வைத்து, பூட் ஆகும் நேரத்தில் மெஷினின் அடையாளத்தைப் பார்த்துச் சரியானதை எடுத்துக் கொடுப்பது அதன் வேலை. முன்பெல்லாம் கெர்னலை ஏற்றும் பூட் நிரலான க்ரப்பின் கோப்பில் நாமே கையால் டிவைஸ் ட்ரீயின் பெயரை எழுத வேண்டியிருந்தது, தப்பாக எழுதினால் கறுப்புத் திரைதான். அந்தத் தொல்லை இப்போது போயிருக்கிறது, உங்கள் மாடல் அந்தப் பட்டியலில் இருந்தால்.

சரி, பென்டிரைவைத் தொடும் முன் விண்டோஸில் செய்ய வேண்டியவை.

விண்டோஸை அழிக்காதீர்கள். மெஷினின் ஃபர்ம்வேர் அப்டேட்டுகள் பல மாடல்களுக்கு விண்டோஸ் வழியாக மட்டுமே வருகின்றன, அவற்றை முதலில் முழுதாகப் போட்டுவிடுங்கள். அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. ஸ்னாப்டிராகன் சிப்பில் கிராஃபிக்ஸ், ஆடியோ, பேட்டரி நிர்வாகம் எல்லாவற்றுக்கும் தனித்தனிச் சின்ன ஃபர்ம்வேர் கோப்புகள் வேண்டும், அவை லேப்டாப் தயாரிப்பாளரால் டிஜிட்டல் கையெழுத்து இடப்பட்டவை. ஒரு கம்பெனியின் கோப்பை இன்னொரு கம்பெனி மெஷினில் போட்டால் சிப் ஏற்காது. எக்ஸ்13எஸ், திங்க்பேட் டி14எஸ் ஜென் 6 போன்ற சில மாடல்களின் கோப்புகள் லினக்ஸ் ஃபர்ம்வேர் தொகுப்பிலேயே இருக்கின்றன. மற்ற பல மாடல்களுக்கு விண்டோஸ் பார்டிஷனில் சிஸ்டம்32க்குள் இருக்கும் டிரைவர்ஸ்டோரிலிருந்துதான் எடுக்க வேண்டும். உபுண்டுவில் இதற்கென்றே ஒரு கருவி இருக்கிறது, விண்டோஸ் பார்டிஷனைத் தேடி வேண்டிய கோப்புகளைப் பிரித்தெடுத்துத் தரும். ஆனால் டிஸ்க்கைப் பூட்டும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கர் இருந்தால் சிக்கல், அதனால் அதை விண்டோஸிலேயே அணைத்துவிடுங்கள், ரெக்கவரி சாவியை வேறொரு இடத்தில் எழுதியும் வையுங்கள்.

நான் முதல் ஆர்ம் லேப்டாப் வாங்கியபோது இது தெரியாது. பழக்கதோஷத்தில் முழு டிஸ்கையும் அழித்துவிட்டு நிறுவினேன். டெஸ்க்டாப் வந்தது, வைஃபை வந்தது, ஆனால் மேல் மூலையில் பேட்டரி ஐகானே இல்லை. சார்ஜர் செருகியிருக்கிறதா இல்லையா என்றுகூடத் தெரியாமல் இரண்டு வாரம் ஓட்டினேன், திடீர் திடீரென்று அணைந்துபோகும். கடைசியில் அதே மாடல் வைத்திருந்த நண்பர் ஒருவரின் விண்டோஸிலிருந்து கோப்புகளை எடுத்து வைத்த பிறகுதான் சரியானது. பேட்டரிக்கும் ஃபர்ம்வேருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். இந்தச் சிப்களில் பேட்டரியைப் பார்த்துக்கொள்வது முதன்மை ப்ராசஸர் கிடையாது, ஆடியோ டிஎஸ்பி என்று அழைக்கப்படும் துணை ப்ராசஸர். அதன் ஃபர்ம்வேர் ஏறவில்லை என்றால் ஒலி மட்டும் இல்லை, பேட்டரி அளவும் யூஎஸ்பி சி வழியாக மானிட்டருக்குப் போகும் படமும் சேர்ந்தே காணாமல் போகும். மூன்றும் ஒன்றாக இல்லை என்றால் மூன்று பிழை அறிக்கை எழுத வேண்டாம், காரணம் ஒன்றுதான்.

இப்போது பூட். இங்கே இன்டெல்காரர்கள் எல்லோரையும் குழப்பும் ஒரு விஷயம் இருக்கிறது. பென்டிரைவிலிருந்து லைவ் செஷன் (நிறுவாமலே ஓடும் உபுண்டு) பாதி தூரம் ஏறும், உபுண்டு லோகோ வரும், பிறகு டிஸ்க்கைக் காணோம் என்று நின்றுவிடும். பென்டிரைவ் கெட்டுவிட்டதோ என்று வேறொன்றை எழுதுவோம், மறுபடியும் அதே கதை. நடப்பது என்னவென்றால், மேலே சொன்ன அந்த ஆடியோ டிஎஸ்பிதான் யூஎஸ்பி சி போர்ட்டுகளையும் கவனித்துக்கொள்கிறது. கெர்னல் அதன் ஃபர்ம்வேரை ஏற்றும்போது அது புதிதாகத் தொடங்கும், அந்தக் கணத்தில் போர்ட் ஒருமுறை அணைந்து எழும், அதில் செருகியிருக்கும் பூட் டிஸ்க் கையைவிட்டுப் போய்விடும். உங்கள் மெஷினில் யூஎஸ்பி ஏ போர்ட் இருந்தால் அதில் செருகிப் பாருங்கள். இல்லையென்றால் அந்தத் துணை ப்ராசஸரை ஏற்றும் மாட்யூலைத் தற்காலிகமாகத் தடுக்கும் பூட் பாராமீட்டரைக் க்ரப்பில் சேர்க்கலாம். அப்படிச் செய்தால் லைவ் செஷனில் பேட்டரி, ஒலி இரண்டும் வராது, அது எதிர்பார்த்ததுதான், பிழை என்று பதியாதீர்கள்.

டெஸ்க்டாப் வந்ததும் வால்பேப்பரை ரசிக்கும் முன் டெர்மினலைத் திறந்து ஒரே ஒரு கோப்பைப் படியுங்கள். ப்ராக் கோப்பகத்துக்குள் டிவைஸ்-ட்ரீ என்று ஒரு கோப்பகம், அதற்குள் மாடல் என்று ஒரு கோப்பு. அதில் உங்கள் லேப்டாப்பின் பெயர் முழுதாக, சரியாக வர வேண்டும். வேறு மாடலின் பெயர் வந்தால் தப்பான வரைபடத்தோடு ஓடிக்கொண்டிருக்கிறீர்கள், அதற்கு மேல் எதைச் சோதித்தாலும் அர்த்தமில்லை, உடனே அணைத்துவிடுவது நல்லது. அந்தக் கோப்பே இல்லை என்றால் டிவைஸ் ட்ரீ கிடைக்காமல் ஏசிபிஐயை நம்பி ஏறியிருக்கிறது, பாதி ஹார்டுவேர் இருக்காது. பல பேர் "உபுண்டுவில் டச்பேட் வேலை செய்யவில்லை" என்று எழுதுவதற்குப் பின்னால் இந்த ஒரு வரிதான் இருக்கும்.

அடுத்தது, கெர்னலின் டீபக் கோப்பகத்தில் ஒத்திவைக்கப்பட்ட டிவைஸ்களின் பட்டியல் ஒன்று உண்டு, டிவைசஸ் டிஃபர்ட் என்ற பெயரில். இன்டெல்லில் இதைப் பார்க்க வேண்டிய தேவையே வந்திருக்காது. ஆர்மில் ஒரு டிரைவர் இன்னொன்றுக்காகக் காத்திருக்கும்: திரை கிராஃபிக்ஸுக்காக, கிராஃபிக்ஸ் மின்சாரக் கட்டுப்பாட்டுக்காக, அது வேறொரு க்ளாக்குக்காக. சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் பின்னால் இருப்பவை சத்தமில்லாமல் காத்துக்கொண்டே இருக்கும், கெர்னல் லாகில் சிவப்பாக எதுவும் கத்தாது. இந்தப் பட்டியல் காலியாக இருந்தால் நல்ல சகுனம். நான்கு வரி இருந்தால் அந்த நான்கு வரியும் உங்கள் அறிக்கையின் மிக மதிப்புள்ள பகுதி.

கிராஃபிக்ஸில் ஏமாறாதீர்கள். எக்ஸ் எலைட்டின் ப்ராசஸர் வேகமானது, அதனால் ஜிபியு டிரைவர் ஏறாமல் எல்லாவற்றையும் ப்ராசஸரே வரைந்துகொண்டிருந்தாலும் டெஸ்க்டாப் வழவழப்பாகத்தான் தெரியும். செட்டிங்ஸில் சிஸ்டம் விவரங்களைத் திறந்து கிராஃபிக்ஸ் வரியைப் பாருங்கள். அட்ரீனோ (இந்தச் சிப்பின் ஜிபியு) என்று இருந்தால் சரி. எல்எல்விஎம்பைப் என்று இருந்தால் ஜிபியு சும்மா கிடக்கிறது, ஃபேன் ஓயாமல் சுற்றுவதற்கும் பேட்டரி கரைவதற்கும் அதுதான் காரணம். பெரும்பாலும் இதுவும் அந்தக் கையெழுத்திட்ட ஃபர்ம்வேர் கோப்பு ஒன்று இல்லாததால்தான்.

வைஃபை, கீபோர்டு, திரை வெளிச்சம் இவையெல்லாம் இரண்டு நிமிட வேலை, பார்த்துவிட்டு நகருங்கள். ஸ்பீக்கரில் மட்டும் கவனம். சின்ன ஸ்பீக்கர்கள் சூடாகி எரிந்துபோகாமல் காக்கும் வேலையை மற்ற சிஸ்டங்களில் மென்பொருள் செய்கிறது. ஆப்பிள் சிலிக்கானுக்கான அசாஹி லினக்ஸ் குழு இதற்கென்றே பின்னணியில் ஓடும் தனி நிரல் (டீமன்) எழுதி, அது தயாராகும் வரை மேக்புக் ஸ்பீக்கர்களை இயக்கவே விடாமல் வைத்திருந்தது. எக்ஸ்13எஸில் அந்தப் பாதுகாப்பு இல்லாததால் கெர்னலிலேயே ஒலியளவுக்கு உச்சவரம்பு போட்டார்கள். உங்கள் மாடலில் எந்த ஏற்பாடு இருக்கிறது என்று தெரியும் வரை ஒலியைப் பாதிக்கு மேல் ஏற்றாதீர்கள், நூறு சதவீதத்துக்கு மேல் கூட்டும் வசதியைத் தொடவே வேண்டாம். சோதனைக்காக ஸ்பீக்கரை இழக்க வேண்டிய அவசியம் இல்லை.

யூஎஸ்பி சி போர்ட்டுகளுக்கு அரை மணி நேரம் ஒதுக்குங்கள், அங்கேதான் விதவிதமான பிழைகள் ஒளிந்திருக்கும். சி வகை ப்ளக்கை எந்தப் பக்கம் திருப்பிச் செருகினாலும் ஒன்றுதான் என்று நினைக்கிறோம், ஆனால் உள்ளே ஒவ்வொரு பக்கத்துக்கும் வேறு கம்பிகள், எந்தப் பக்கம் செருகப்பட்டது என்று கண்டுபிடித்து ஒரு சில்லு மாற்றிவிட வேண்டும். அந்த மாற்றும் வேலை டிவைஸ் ட்ரீயில் சரியாக விவரிக்கப்படாவிட்டால் ஒரு பக்கம் செருகினால் வேகமான எஸ்எஸ்டி, திருப்பிச் செருகினால் அதே எஸ்எஸ்டி பழைய யூஎஸ்பி 2 வேகத்தில் ஊர்ந்துகொண்டிருக்கும். யூஎஸ்பி பட்டியலை மர வடிவில் காட்டும் கட்டளையை ஓட்டினால் ஒவ்வொரு சாதனத்துக்கும் நேரே வேகம் தெரியும்: 480 என்றால் மெதுவான பாதை, 5000 அல்லது 10000 என்றால் சரியான பாதை. ஆகவே ஒவ்வொரு போர்ட்டிலும் இரண்டு பக்கமும் செருகிப் பாருங்கள். மானிட்டருக்கும் அப்படியே, அதோடு செருகியபடியே பூட் செய்து ஒருமுறை, ஓடிக்கொண்டிருக்கும்போது செருகி ஒருமுறை, தூங்கி எழுந்த பிறகு ஒருமுறை. இந்த மூன்றும் கெர்னலில் மூன்று வேறு பாதைகள்.

தூக்கம் பற்றிச் சொன்னேன் அல்லவா, அதை ஒரு இரவாவது அளக்காமல் யாரும் "சஸ்பெண்ட் வேலை செய்கிறது" என்று எழுதக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. மூடியை மூடினால் திரை அணைகிறது, திறந்தால் வருகிறது, அது மட்டும் சோதனை ஆகாது. ஒரு முறை இரவு 11 மணிக்கு 82 சதவீதத்தில் மூடி வைத்தேன், காலை 6 மணிக்குத் திறந்தால் 61. மணிக்கு 3 சதவீதம், பையில் போட்டுக்கொண்டு ஊருக்குப் போக முடியாத நிலை. கெர்னலில்தான் கோளாறு என்று அறிக்கைகூட எழுத ஆரம்பித்துவிட்டேன். அப்புறம் பார்த்தால் ஒரு யூஎஸ்பி ஹப்பைக் கழற்றாமல் விட்டிருக்கிறேன். மறுநாள் அதைக் கழற்றிவிட்டு அதே நேரம், அதே 82ல் மூடினேன், காலையில் 74. ஹப் இருந்தால் 21, இல்லாவிட்டால் 8. இந்த இரண்டு எண்களையும் சேர்த்து எழுதியபோதுதான் அது உருப்படியான அறிக்கையாக ஆனது, ஏனென்றால் எங்கே தேட வேண்டும் என்று படிப்பவருக்குத் தெரிகிறது. ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்.

நேரம் தப்பாகக் காட்டினால் ஆச்சரியப்படாதீர்கள். ஸ்னாப்டிராகனைத் தயாரிக்கும் குவால்காமின் சிப் உள்ள பல லேப்டாப்களில் கடிகாரச் சில்லில் லினக்ஸ் நேராக நேரத்தை எழுத முடியாது, படிக்க மட்டும்தான் முடியும், உண்மை நேரத்துக்கும் அதற்கும் உள்ள வித்தியாசத்தை வேறு இடத்தில் சேமித்துவைக்க வேண்டும். அது சரியாக அமையாத கெர்னலில் ஒவ்வொரு முறை பூட் ஆகும்போதும் மெஷின் பழைய ஏதோ ஒரு வருடத்தில் கண்விழிக்கும். வைஃபை இணைந்ததும் சரியாகிவிடும் என்பதால் பலர் கவனிப்பதே இல்லை, ஆனால் அதற்கு முன் அப்டேட் ஓடினால் சான்றிதழ் இன்னும் செல்லுபடியாகவில்லை என்று பிழை வரும், நாம் சர்வரைத் திட்டுவோம்.

மென்பொருட்கள் பக்கம் நிலைமை நன்றாகவே இருக்கிறது. லிப்ரே ஆபிஸ், ஜிம்ப், தண்டர்பேர்டு எல்லாம் ஆர்முக்கு அப்படியே கிடைக்கின்றன. 2025 மார்ச்சில் வந்த 136ஆம் பதிப்பிலிருந்து மொசில்லாவே ஆர்ம் 64 லினக்ஸுக்கு ஃபயர்பாக்ஸைத் தயாரித்துத் தருகிறது. ஓடிடி தளங்களுக்கு வேண்டிய வைட்வைன் மாட்யூல் ஆர்ம் லினக்ஸில் நீண்ட காலத் தலைவலி, அதில் படம் ஓடவில்லை என்றால் உபுண்டுவைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. எக்ஸ் 86க்கு (இன்டெல், ஏஎம்டி வகைச் சிப்கள்) மட்டும் வரும் மென்பொருளை ஃபெக்ஸ், பாக்ஸ் 64 என்ற எமுலேட்டர்கள் வழியாக ஓட்டலாம், ஆனால் முதல் வாரம் அதைத் தொடாதீர்கள், ஒரு பிழை வந்தால் யாருடையது என்று கண்டுபிடிக்கவே முடியாது. விர்ச்சுவல் மெஷின் ஓட்டுபவராக இருந்தால் ஒன்று: இந்த லேப்டாப்களில் குவால்காமின் ஹைப்பர்வைசர் முன்னமே மேல் படியில் உட்கார்ந்திருப்பதால் சாதாரணமாக பூட் செய்தால் கெர்னலின் விர்ச்சுவல் மெஷின் வசதியான கேவிஎம் கிடைக்காது. அது தெரிந்த குறைதான்.

தமிழில் எழுதுபவர் என்பதால் இதையும் சொல்கிறேன். தமிழ் 99 விசைப்பலகையும் எழுத்துருக்களும் ஆர்மிலும் இன்டெல்லிலும் ஒரே மூலத்திலிருந்து உருவாகும் பொட்டலங்கள், அதனால் அங்கே வரும் பிழை பெரும்பாலும் ஆர்ம் பிழையாக இருக்காது. 25.10ல் ஜினோமுக்குப் பழைய திரை அமைப்பான எக்ஸ் 11 செஷனே கிடையாது, புதிய வேலண்ட் மட்டும்தான். எலக்ட்ரான் வகை மென்பொருள் ஏதாவதில் "கொ" என்று அடித்தால் "க" மட்டும் விழுந்து கொம்பும் காலும் தொலைந்துபோனால், முதலில் அதே வெளியீட்டை ஒரு இன்டெல் மெஷினில் போட்டு அங்கும் அப்படியா என்று பாருங்கள். இது தமிழுக்கு மட்டும் சொல்வதில்லை. 25.10 வந்த புதிதில் ரஸ்ட் மொழியில் திரும்ப எழுதிய கோர்யூட்டில்ஸ் (அடிப்படைக் கட்டளைகள்) தொகுப்பில் டேட் கட்டளையில் ஒரு பிழை இருந்து, தானாக அப்டேட்டுகளைச் சரிபார்க்கும் வேலையே நின்றுபோனது. அது எல்லா மெஷினிலும் நடந்தது. ஆர்மில் மட்டும் சோதித்தவர் அதை ஆர்ம் பிழை என்றுதான் நினைத்திருப்பார். பழைய இன்டெல் லேப்டாப் வீட்டில் இருந்தால் அதிலும் அதே ஐஎஸ்ஓவின் இன்டெல் வடிவத்தைப் போட்டுப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

நிறுவிய பின் ஒரு வாரம் கழித்து வரும் சோதனைதான் எல்லோரும் விட்டுவிடுவது: கெர்னல் அப்டேட். ஆர்ம் லேப்டாப்பில் லினக்ஸ் உடைவதை நான் அதிகம் பார்த்தது நிறுவும் நாளில் அல்ல, முதல் கெர்னல் அப்டேட்டுக்குப் பிறகு ரீபூட் செய்த அந்தக் காலையில். புதுக் கெர்னல் வரும், ஆனால் அதற்குரிய டிவைஸ் ட்ரீ வந்ததா, தொடக்க ராம் இமேஜுக்குள் (பூட் ஆகும்போது கெர்னலோடு ஏறும் சின்னத் தொகுப்பு) உங்கள் ஃபர்ம்வேர் கோப்புகள் மறுபடியும் ஏறினவா என்று பார்க்க வேண்டும், 25.10 அந்த இமேஜை உருவாக்க டிராகட் என்ற கருவிக்கு மாறியிருக்கிறது என்பதால் கூடுதல் கவனம். அப்டேட் ஆனதும் ரீபூட் செய்யும் முன் க்ரப் மெனு கண்ணுக்குத் தெரியும்படி அமைத்துவிடுங்கள், பழைய கெர்னல் பட்டியலில் இருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். மேலே சொன்ன மாடல் வரி, ஒத்திவைப்புப் பட்டியல், கிராஃபிக்ஸ் வரி மூன்றையும் புதுக் கெர்னலில் திரும்பப் பாருங்கள். ஐந்து நிமிடம்.

இன்னொரு சின்ன விஷயம், சில மெஷின்களில் பூட் பட்டியலில் உபுண்டு என்ற பதிவு நிலைக்காது, ரீபூட் செய்தால் நேராக விண்டோஸ் போய்விடும். பூட் பட்டியலைச் சேமிக்கும் யூஇஎஃப்ஐ மாறிகளை எழுதுவது இந்தச் சிப்களில் பாதுகாப்புப் பகுதிக்குள் இருக்கும் ஒரு நிரல் வழியாகத்தான் நடக்கும், அதற்கான டிரைவர் மூலக் கெர்னலில் 6.7ல் வந்தது, ஆனால் மாடல்களைச் சோதித்துச் சோதித்துத்தான் ஒவ்வொன்றாக அனுமதிக்கிறார்கள். உங்கள் மாடல் அந்தப் பட்டியலில் இல்லை என்றால் அதையும் அறிக்கையில் சேருங்கள்.

அறிக்கை எழுதுவது பற்றி. பிழைகளைப் பதியும் தளமான லாஞ்ச்பேடில் கெர்னலுக்கு எதிராகப் பதிய உபுண்டுவின் பிழை அறிக்கைக் கட்டளையே போதும், லாகுகளை அதுவே சேர்த்துக்கொள்ளும். நீங்கள் சேர்க்க வேண்டியது அது சேர்க்காதவற்றை: டிவைஸ் ட்ரீ மாடல் வரி, ஃபர்ம்வேர் கோப்புகள் தொகுப்பிலிருந்து வந்தவையா விண்டோஸிலிருந்து எடுத்தவையா, ஒத்திவைப்புப் பட்டியல், கடைசியாக எந்தக் கெர்னலில் இது வேலை செய்தது. கடைசி விஷயம் தங்கம் மாதிரி. "6.14ல் ஓடியது, 6.17ல் ஓடவில்லை" என்ற ஒரு வரி ஒரு டெவலப்பருக்கு நாள்கணக்கில் வேலையைக் குறைக்கும், ஏனென்றால் உங்கள் மாடல் அவரிடம் இருக்காது, கண்ணால் பார்க்கக்கூட வழி இருக்காது. ஓடும் விஷயங்களையும் எழுதுங்கள். இரண்டு போர்ட்டும் இரண்டு பக்கமும் சரி, இரவுக்கு 8 சதவீதம், கேமரா இல்லை, இப்படி நான்கு வரி எழுதினால் அதே மாடல் வைத்திருக்கும் அடுத்தவருக்கு அதுதான் வழிகாட்டி. எக்ஸ்13எஸ் இன்று இந்த அளவுக்கு ஓடுகிறது என்றால் அதற்குப் பின்னால் இப்படி எழுதிய பலருடைய மாலை நேரங்கள் இருக்கின்றன, லினக்ஸில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

நீங்கள் மாடல் பெயரைச் சொல்லவில்லை. இப்போதைக்கு நிறுவாமல் லைவ் செஷனில் மட்டும் ஏற்றி அந்த மாடல் கோப்பில் என்ன வருகிறது என்று பார்த்துச் சொல்லுங்கள், ஃபர்ம்வேரைத் தொகுப்பிலிருந்து எடுக்கலாமா விண்டோஸிலிருந்துதான் எடுக்க வேண்டுமா என்பதை அதை வைத்து முடிவு செய்யலாம்.